பாடம் 7: அரச வேலைக்கு விண்ணப்பித்தல் – சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்பு

ஊருக்குத் திரும்பும் குடும்பம் முதலில் தேடுவது கூரை, கிணறு, பிள்ளைகளுக்குப் பாடசாலை. அவை ஓரளவு சரியான பின் எழும் கேள்வி வருமானம். கூலி வேலை மழைக்கு நிற்கும்; தோட்டப் பயிர் விலைக்கு விழும். வீட்டில் ஒருவருக்காவது மாதச் சம்பளமுள்ள அரச வேலை கிடைத்தால் குடும்பம் மறுபடியும் இடம்பெயர வேண்டிய தேவை பெரிதும் குறையும்.

நாவுல பிரதேசத்துக்கும் மாத்தளை மாவட்டத்தின் பிற இடங்களுக்கும் திரும்பும் தமிழ்க் குடும்பங்களில் 1977ஆம், 1983ஆம் ஆண்டு வன்செயல்களின்போது புறப்பட்டவர்களும் இருக்கிறீர்கள். சிலர் வன்னியில் குடியேறி அங்கிருந்தும் போரினால் இடம்பெயர்ந்தீர்கள். சிலர் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தீர்கள். “நமக்கெங்கே கவர்மெண்ட் வேலை” என்று விண்ணப்பப் படிவத்தையே வாங்காமல் இருப்பவர்கள் பலர். “ஆளைப் பிடித்தால் கிடைக்கும்” என்று நம்பிக் காசைத் தொலைப்பவர்களும் உண்டு.

இந்தப் பாடம் இரு சாராருக்கும் உரியது. ஒவ்வோர் அரச பதவிக்கும் முன்கூட்டியே எழுதப்பட்ட விதி ஒன்று இருக்கிறது. அந்த விதியால் மட்டுமே உங்களை அளக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை மீறப்பட்டால் முறையிடச் சட்டம் தரும் காலம் ஒரே ஒரு மாதம்.

1. சட்டம் என்ன சொல்கிறது?

“நியாயமான ஆட்சேர்ப்புச் சட்டம்” என்ற பெயரில் தனிச் சட்டம் ஒன்று இலங்கையில் இல்லை. பாதுகாப்பு பல சட்டங்களில் பரவிக் கிடக்கிறது. அவற்றுள் தலையானது 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு.

அதன் 12(1)ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. 12(2)ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் என்ற காரணங்களில் எதனாலும் எந்தப் பிரசையையும் பாரபட்சமாக நடத்தக்கூடாது என்கிறது. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். “நீங்கள் வேறு கட்சிக்காரர்” என்பது அரசியற் கருத்து. “நீங்கள் இந்தியாவில் பிறந்தவர்” என்பது பிறப்பிடம். நீங்கள் இலங்கைப் பிரசையாக இருந்தால், இவற்றைக் காரணமாக வைத்து ஓர் அரச அலுவலகம் உங்களைத் தள்ளிவிட முடியாது.

இந்த உறுப்புரை ஏட்டோடு நிற்பதல்ல. அரச சேவையில் பதவி உயர்வுகளையும் இன விகிதாசாரப்படி பங்கிட வேண்டும் என்று 1990இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. சுங்கத் திணைக்கள அதிகாரியான ராமுப்பிள்ளை அதை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தார். அப்படிப் பங்கிடுவது சமத்துவ உரிமைக்கு முரணானது என்று நீதிமன்றம் தீர்த்தது. அமைச்சு ஒன்று வெளியிட்ட சுற்றறிக்கையும் அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டதே என்பது இதிலிருந்து தெரிகிறது.

மாற்றுத் திறனாளிகளுக்கு மேலதிகப் பாதுகாப்பு உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறைபாட்டை மட்டும் காரணங்காட்டி வேலைக்கு எடுக்க மறுப்பதைத் தடைசெய்கிறது. அதற்கு முன்பே, 1988இல் வந்த அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை ஒன்று, அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தைத் தகைமையுள்ள மாற்றுத் திறனாளிகளுக்கு வழங்கும்படி பணித்தது. போரில் காலையோ கையையோ பார்வையையோ இழந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், விண்ணப்பத்துடன் மருத்துவச் சான்றிதழை இணைத்து, இந்த ஒதுக்கீட்டைப் பற்றி எழுத்தில் கேளுங்கள்.

பன்னாட்டு அளவில், இலங்கை 1980இல் இணைந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையின் 25ஆம் உறுப்புரை, ஒவ்வொரு பிரசைக்கும் தன் நாட்டின் பொதுச் சேவையில் சமமான முறையில் நுழையும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. ஐக்கிய நாடுகள் சபையில் 1998இல் முன்வைக்கப்பட்ட உள்ளக இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளில் 29ஆவது, இடம்பெயர்ந்து திரும்பியவர்களை அந்தக் காரணத்துக்காகப் பாரபட்சமாக நடத்தக்கூடாது என்கிறது. இக்கோட்பாடுகளை நீதிமன்றத்தில் சட்டமாகக் காட்ட முடியாது. ஆனால் உங்கள் கடிதங்களில் குறிப்பிடலாம். அதிகாரிகளும் நிவாரண நிறுவனங்களும் அறிந்த ஆவணம் அது.

இந்தப் பாதுகாப்பு அரசின் செயல்களுக்கு எதிரானது. தனியார் கடை, ஆடைத் தொழிற்சாலை, தனியார் கம்பனி ஆகியவற்றின் ஆட்சேர்ப்புக்கு எதிராக அடிப்படை உரிமை மனு போட முடியாது.

2. மொழி: எதைக் கேட்கலாம், எதை மறுக்க முடியாது?

மொழியும் அரச வேலையும் மோதிய கதை நமக்குப் புதிதல்ல. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்பதற்காக, அரச எழுதுவினைஞரான கோடீஸ்வரனுக்கு 1962இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில், அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக அரசுக்கெதிராக வழக்காட முடியாது என்று தீர்க்கப்பட்டது. 1969 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம் அதை மாற்றி, வழக்காட முடியும் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்விக்கு அந்த வழக்கில் கடைசிவரை விடை கிடைக்கவில்லை.

இன்றைய நிலை வேறு. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம் மொழி உரிமைகளை விரிவாக எழுதியது. அவற்றில் உங்களுக்கு வேண்டியவை மூன்று.

முதலாவது, பரீட்சை மொழி. அரச சேவை, மாகாண அரச சேவை, உள்ளூராட்சிச் சேவை ஆகியவற்றுக்கு ஆட்சேர்க்கும் பரீட்சையை நீங்கள் தமிழில் எழுதலாம். இது 22(5)ஆம் உறுப்புரை. மாத்தளை மாவட்டத்தில் பரீட்சை நடந்தாலும் இதுவே சட்டம்.

இரண்டாவது, கடிதப் போக்குவரத்து. வடக்கு, கிழக்குக்கு வெளியே நிர்வாக மொழி சிங்களம். நாவுல பிரதேச செயலகமும் பிரதேச சபையும் தம் அன்றாட அலுவல்களைச் சிங்களத்தில் நடத்துகின்றன. ஆனாலும் 22(2)ஆம் உறுப்புரையின்படி, அங்குள்ள அதிகாரிகளுக்கு நீங்கள் தமிழில் எழுதலாம். தமிழில் பதில் பெறலாம். உங்களுக்கு வழங்கப்படும் ஆவணத்தைத் தமிழிலோ தமிழ் மொழிபெயர்ப்புடனோ கேட்கலாம். விளங்காத மொழியிலுள்ள படிவத்தில் “இங்கே கையெழுத்து வையுங்கள்” என்றால், மொழிபெயர்ப்பு வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

மூன்றாவது, சட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பது. வேலை கிடைத்த பின் நியாயமான காலத்துக்குள் சிங்களம் கற்கும்படி உங்களைக் கேட்கலாம். அந்த மொழியில்லாமல் செய்யவே முடியாத பதவியானால், தொடக்கத்திலேயே மொழியறிவைத் தகைமையாகக் கேட்கலாம். இது பாரபட்சமாகாது என்று அரசியலமைப்பே சொல்கிறது. 2007 ஜூலை 1 முதல் சேர்ந்த அரச அலுவலர்கள், சிங்களவரானால் தமிழிலும் தமிழரானால் சிங்களத்திலும், தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை உண்டு. எவ்வளவு காலத்துக்குள் என்பதை நியமனக் கடிதத்தில் பாருங்கள். அரச கரும மொழிகள் திணைக்களம் இதற்கான பரீட்சைகளை நடத்துகிறது.

ஆகவே நாவுல போன்ற இடத்தில் சிங்களம் பேசவும் வாசிக்கவும் தெரிந்திருப்பது உங்களுக்கு இலாபம். அயல் வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடும் உங்கள் பிள்ளை அதை உங்களைவிட விரைவில் கற்றுக்கொள்ளும்.

3. வர்த்தமானியை வாசிக்கப் பழகுங்கள்

நாடளாவிய அரச பதவிகளுக்கான அறிவித்தல்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் அரசாங்க வர்த்தமானியில் வரும். தமிழ்ப் பதிப்பும் உண்டு. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். “பதவி வெற்றிடங்கள்”, “பரீட்சைகள்” என்ற தலைப்புகளைப் பாருங்கள். மத்திய மாகாணத்துக்கு உட்பட்ட பதவிகளுக்கு மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களையும் கவனியுங்கள்.

அறிவித்தல் என்பது வெறும் விளம்பரமல்ல. அந்தப் பதவிக்கென அங்கீகரிக்கப்பட்ட ஆட்சேர்ப்புத் திட்டத்தின் சுருக்கம் அது. வயது, கல்வித் தகைமை, வதிவிடம், பரீட்சைப் பாடங்கள், புள்ளி வழங்கும் முறை எல்லாம் அதில் இருக்கும். அதில் இல்லாத தகைமையைப் பின்னர் கேட்டாலும், அதில் உள்ள தகைமையை வேறொருவருக்குத் தளர்த்தினாலும், அதுவே உங்கள் முறைப்பாட்டுக்கு ஆதாரம். எனவே விண்ணப்பிக்கும் நாளிலேயே அறிவித்தலைப் பிரதியெடுத்து வையுங்கள். முடிவு வந்த பின் தேடுவது கடினம்.

வாசிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• வயது எந்தத் திகதியில் கணக்கிடப்படுகிறது? பெரும்பாலும் விண்ணப்ப முடிவுத் திகதியில். ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்த அறிவித்தலுக்குள் வயது கடந்துவிடக்கூடும்.

• விண்ணப்பத்தில் தேர்ந்த பரீட்சை மொழியைப் பின்னர் மாற்ற விடமாட்டார்கள்.

• “சிங்களம், தமிழ், ஆங்கில அறிவித்தல்களிடையே முரண்பாடு இருந்தால் சிங்கள அறிவித்தலே செல்லும்” என்ற வரி பல அறிவித்தல்களில் இருக்கும். ஐயமிருந்தால் சிங்களம் தெரிந்தவரிடம் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

• பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டை ஒட்டி வையுங்கள். தபாலில் தொலைந்த விண்ணப்பத்துக்குத் திணைக்களம் பொறுப்பேற்காது.

• அனுமதி அட்டை கிடைத்தால் தகைமை ஏற்கப்பட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். தகைமையைப் பின்னரும் சரிபார்ப்பார்கள்.

• கையொப்பத்தைச் சமாதான நீதவான், அதிபர் போன்ற எவர் உறுதிப்படுத்தலாம் என்பது குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாதவரிடம் வாங்கினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

4. திரும்பி வந்தவர்களை நிறுத்தும் நான்கு காகிதங்கள்

மற்ற விண்ணப்பதாரிகளுக்கு ஒரு நாளில் கிடைக்கும் காகிதம் உங்களுக்கு ஆறு மாதம் எடுக்கலாம். ஆகவே வேலை அறிவித்தல் வரும்வரை காத்திருக்காதீர்கள். இந்த நான்கையும் இப்போதே தயார் செய்யுங்கள்.

பிரசாவுரிமை. அரச வேலைக்கு நீங்கள் இலங்கைப் பிரசையாக இருக்க வேண்டும். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனவர்கள் வதிவிட நிபந்தனையால் விடுபட்டுப் போகாதபடி 2009இல் அது திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பிறப்பு பதியப்பட்டிருக்க வேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதியாமல் வந்திருந்தால், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் இப்போதே தொடங்குங்கள். இது முடிந்தால்தான் தேசிய அடையாள அட்டை. அது இருந்தால்தான் பரீட்சை மண்டபம்.

பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் இன்னொன்று, முகாம் அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் என்று இருப்பது நம் குடும்பங்களில் சாதாரணம். நேர்முகப் பரீட்சை நாளில் அது பெரும் தடையாகும். மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். முடிந்தால் பிறப்புப் பதிவிலுள்ள பிழையைத் திருத்தவும் விண்ணப்பியுங்கள்.

கல்விச் சான்றிதழ். தொலைந்த க.பொ.த. பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திடம் மீண்டும் பெறலாம். தமிழ்நாட்டில் படித்த பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இங்குள்ள தகைமைக்குத் தானாகவே சமமாகிவிடாது. சமநிலையை உறுதிப்படுத்தும் கடிதம் தேவையா என்று, அறிவித்தலை வெளியிட்ட திணைக்களத்திடம் விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஏற்புக் கடிதம் வேண்டும்.

வதிவிடம். மாகாண, மாவட்டப் பதவிகள் பலவற்றுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் அந்த இடத்தில் நிரந்தரமாக வசித்ததற்குச் சான்று கேட்பார்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு மிகக் கடினமான நிபந்தனை இதுவே. கிராம உத்தியோகத்தரிடம் இன்றே பதிந்து, வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்த்து, வதிவிடச் சான்றிதழைப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன் வாங்குங்கள். முன்பு இதே ஊரில் வாழ்ந்ததைக் காட்டும் பழைய இடாப்புப் பிரதி, காணி உறுதி, பாடசாலைப் பதிவு எதையும் வீசிவிட வேண்டாம். ஆண்டுக் கணக்குக் குறைவாக இருந்தால், இடம்பெயர்வே அதற்குக் காரணம் என்பதை விண்ணப்பத்துடன் தனிக் கடிதமாக இணைத்து, அதைக் கருத்தில் எடுக்கும்படி கேளுங்கள். ஏற்பார்கள் என்பது உறுதியில்லை. ஆனால் எழுத்தில் கேட்டிருந்தால்தான் பின்னர் முறையிட இடமிருக்கும்.

5. நேர்முகப் பரீட்சையில் இரண்டு வகை

அறிவித்தலில் “பொது நேர்முகப் பரீட்சை” என்றிருந்தால் அதற்குப் புள்ளி இல்லை. உங்கள் சான்றிதழ்கள் உண்மையா, தகைமை சரியா என்று பார்ப்பது மட்டுமே சபையின் வேலை. எழுத்துப் பரீட்சையில் பெற்ற இடத்தை அந்தச் சபை கீழிறக்க முடியாது.

“கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை” என்றிருந்தால் புள்ளி உண்டு. எதற்கு எத்தனை புள்ளி என்ற திட்டம் முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்டிருக்கும்: மேலதிகக் கல்வித் தகைமை, அனுபவம், மொழி, கணினி, நேர்முகத்தில் காட்டும் திறமை என்று. உங்களிடம் உள்ள ஒவ்வொரு சான்றிதழையும் அந்த வரிசைப்படி அடுக்கிக் கொண்டுபோங்கள்.

“ஏன் ஊரைவிட்டுப் போனீர்கள்?”, “கணவர் எங்கே?”, “தேர்தலில் யாருக்கு வேலை செய்தீர்கள்?” போன்ற கேள்விகளுக்குப் புள்ளித் திட்டத்தில் இடமில்லை. அப்படிக் கேட்டால் கோபப்பட வேண்டாம். சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள், அல்லது “இது இந்தப் பதவிக்குத் தேவையான தகவலா ஐயா?” என்று பணிவாகக் கேளுங்கள். வெளியே வந்தவுடன், கேள்வி என்ன, யார் கேட்டார், எத்தனை மணிக்கு என்பதை ஒரு கொப்பியில் எழுதித் திகதி போடுங்கள். அன்றே எழுதிய குறிப்பு, மாதங்கள் கழித்துச் சொல்லும் நினைவைவிட வலுவான சாட்சி.

6. காசும் கடிதமும்

பெறுபேறு வரும் காலத்தில் தரகர்களும் வருவார்கள். “உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது, மேலிடத்துக்குக் கொஞ்சம் கொடுத்தால் உறுதி” என்பார்கள். சில வேளை உங்கள் பெயர் உண்மையிலேயே பட்டியலில் இருக்கும். அது உங்கள் புள்ளிக்காகக் கிடைத்தது. கிடைக்காமல் போனாலோ அவர்களைத் தேடிப் பிடிக்க முடியாது.

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி இலஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். நகையை அடகு வைத்துக் காசு கொடுத்தவர், பின்னர் முறையிடவும் அஞ்சி வாய்மூடி இருக்க வேண்டிவரும். காசு கேட்டால் கொடுக்காமல், 1954 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலஞ்ச, ஊழல் ஆணைக்குழுவிடம் சொல்லுங்கள்.

அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதத்துக்கும் ஆட்சேர்ப்புத் திட்டத்தில் புள்ளி கிடையாது. அரச அலுவலர்களின் நியமனம் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கும் அதன் அதிகாரம் பெற்றவர்களுக்கும் உரியது. அதன் முடிவில் செல்வாக்குச் செலுத்த முயல்வதை அரசியலமைப்பே குற்றமாக்கியிருக்கிறது.

7. அநியாயம் நடந்தால்: ஒரு மாதம்

அரசின் செயலால் அடிப்படை உரிமையோ மொழி உரிமையோ மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். நீதிமன்றம் நியாயமெனக் காணும் நிவாரணத்தை வழங்கும் அதிகாரம் உடையது.

நாவுல பிரதேசத்திலிருந்து கொழும்புக்குப் போய் வழக்காட எல்லோராலும் முடியாது. அதற்காகவே 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதே ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. முறையிடக் கட்டணமில்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழில் எழுதலாம், உங்களுக்காக வேறொருவரும் எழுதலாம். கண்டியில் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு. அவசர இலக்கம் 1996.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம், அழைப்புக் கடிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இரண்டு, ஆணைக்குழு வழங்குவது பரிந்துரை. நீதிமன்றக் கட்டளை அல்ல.

புள்ளிகளை அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் உதவும். எந்தப் பிரசையும் அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதி உதவ வேண்டும்.

பலர் தவறவிடும் இடம் இதுதான். ஓர் உதாரணம் பார்ப்போம். உங்கள் மகள் எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து, கட்டமைக்கப்பட்ட நேர்முகத்துக்கும் போய் வந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 3ஆம் திகதியிட்ட கடிதம் அவள் தெரிவாகவில்லை என்கிறது. அவளைவிடக் குறைந்த தகைமையுள்ள ஒருவர் தெரிவானதாக அறிகிறீர்கள். மார்ச் 9இல் தகவல் கேட்டு எழுதுகிறீர்கள். 14 வேலை நாட்கள் என்றால் விடுமுறைகளோடு ஏறத்தாழ மூன்று வாரம். மார்ச் மாதக் கடைசி. தகவல் கைக்கு வர இன்னும் இரண்டு வாரம் ஆகலாம். மாதமோ ஏப்பிரல் 3உடன் முடிந்துவிடும். தகவல் வரட்டும் என்று காத்திருந்தால், உண்மை கையில் இருக்கும், உரிமை போயிருக்கும்.

ஆகவே கடிதம் கிடைத்த முதல் வாரத்திலேயே மூன்றையும் சேர்த்துச் செய்யுங்கள்:

(அ) பதவிக்கு ஆட்சேர்த்த நிறுவனத்துக்கும் உரிய அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கும் எழுத்தில் மேன்முறையீடு;
(ஆ) தகவல் அலுவலருக்கு விண்ணப்பம்;
(இ) மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு. “தகவல் கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் சமர்ப்பிப்பேன்” என்று அதில் எழுதுங்கள்.

மேன்முறையீட்டுக்குப் பதில் வராததால் ஒரு மாதம் நின்றுவிடாது. நீதிமன்றம் போக எண்ணினால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு இலவச உதவி உண்டு. அதன் நிலையம் பற்றி மாத்தளை நீதிமன்றத்தில் விசாரிக்கலாம்.

மாதிரிக் கடிதம்

தகவல் அலுவலர்,
(நிறுவனத்தின் பெயர், முகவரி)

(திகதி)

ஐயா / அம்மணி,

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம்

……… திகதிய வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட ……… பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்கு ……… அன்று தோற்றினேன். எனது சுட்டிலக்கம் ……….

பின்வரும் தகவல்களைத் தமிழில் வழங்குமாறு வேண்டுகிறேன்:
1. இப்பதவிக்கான ஆட்சேர்ப்புத் திட்டத்தின் பிரதி.
2. நேர்முகப் பரீட்சைக்கு அங்கீகரிக்கப்பட்ட புள்ளித் திட்டம்.
3. எனக்கு ஒவ்வொரு தலைப்பின் கீழும் வழங்கப்பட்ட புள்ளிகள்.
4. தெரிவானவர்களின் மிகக் குறைந்த மொத்தப் புள்ளி.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம்)

பிரதியொன்றை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை கேளுங்கள்.

8. குடும்பமாக இருந்து பேசிப் பாருங்கள்

• வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதில் வீட்டில் யார் யார்? ஒவ்வொருவரிடமும் நான்கு காகிதங்களில் எவை உண்டு, எவை இல்லை?

• இல்லாத காகிதத்துக்கு எந்த அலுவலகம் போக வேண்டும்? யார், எந்த நாளில் போவது?

• ஒருவர் வந்து காசு கேட்டால் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்களா?

• நிராகரிப்புக் கடிதம் இன்று வந்தால், அந்த ஒரு மாதம் எந்தத் திகதியில் முடியும்? நாட்காட்டியில் குறித்துக் காட்டுங்கள்.

விதிப்படி நடந்தும் வேலை கிடைக்காமல் போகலாம். ஒரு பதவிக்குப் பலர் போட்டியிடுவார்கள். உங்களைவிடக் கூடிய புள்ளி பெற்றவருக்கு அது போனால் அதில் அநியாயமில்லை. அடுத்த அறிவித்தலுக்கு அதே கோவையோடு மறுபடி விண்ணப்பியுங்கள். ஒரு முறை சேர்த்த காகிதம் அடுத்தடுத்த விண்ணப்பங்களுக்கும், உங்களுக்குப் பின் படித்து வரும் தம்பி தங்கைகளுக்கும் உதவும்.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாவிட்டால், 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்துக்கு அழைத்துத் தமிழில் கேட்கலாம்.